எப்போதாவது ஆன்லைனில் விற்பவருக்கு ஜிஎஸ்டி வேண்டுமா? சின்னாளப்பட்டி சகோதரியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்குச் சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியிருப்பதைச் சுருக்கமாகப் படிக்கிறேன். "வீட்டில் இருந்தபடியே சுங்குடிச் சேலை வாங்கி விற்கிறேன். மாதம் பதினைந்து, இருபது சேலை போகும், சில மாதம் ஒன்றும் போகாது. இதுவரை வாட்ஸ்அப்பில் விற்றேன், இனி ஆன்லைன் தளங்களில் போடலாம் என்று நினைக்கிறேன். ஜிஎஸ்டி இல்லாமல் ஆன்லைனில் விற்கவே முடியாது, எடுத்துத் தர 3,000 ரூபாய் கொடுங்கள் என்று ஒரு ஏஜென்ட் கேட்கிறார். எப்போதாவது விற்பவர்களுக்கு எதுவுமே வேண்டாம் என்று என் தோழி சொல்கிறார். யார் சொல்வது சரி? தளங்கள் எவ்வளவு கட்டணம் பிடிக்கும்?"

சகோதரி, இரண்டு பேர் சொல்வதுமே சரியில்லை. இந்தக் கேள்வி எனக்கு மாதத்துக்கு நாலைந்து முறையாவது வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள். அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டே சொல்கிறேன்.

முதலில் உங்கள் தோழி சொன்ன "எப்போதாவது விற்பவர்" என்ற பேச்சு. சட்டம் முதலில் பார்ப்பது எத்தனை முறை விற்றீர்கள் என்பதை அல்ல, அந்தப் பொருள் உங்களிடம் எதற்காக இருந்தது என்பதைத்தான். உங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ், பிள்ளையின் சைக்கிள், நீங்கள் கட்டிய பட்டுச்சேலை, இவற்றை ஓஎல்எக்ஸில் போட்டு விற்றால் அது வியாபாரம் இல்லை. ஜிஎஸ்டி அங்கே வராது. 2017 ஜூலையில், ஜிஎஸ்டி வந்த புதிதில், வீட்டுப் பழைய நகையைக் கடையில் விற்றால் வரி உண்டா என்று பெரிய குழப்பம் வந்தது. தனிநபர் தன் நகையை விற்பது வியாபாரத்தின் பகுதி அல்ல, அதனால் வரி இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் அப்போதே விளக்கம் கொடுத்தது. வருமான வரியிலும் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த துணிமணி, மரச்சாமான், வண்டி போன்றவற்றை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம் மாதிரியான பொருள்களுக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்வது வேறு. விற்பதற்காகவே சேலை வாங்குகிறீர்கள். மாதம் ஒன்றே ஒன்று விற்றாலும் அது வியாபாரம்தான். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020இலும் இதே கோடுதான் போட்டிருக்கிறார்கள். ஒருவர் தன் சொந்த நிலையில், தொடர்ச்சியான வணிகமாக இல்லாமல் செய்வதற்கு அந்த விதிகள் பொருந்தாது. தொடர்ந்து விற்பவர் என்றால் உங்களுக்கும் கடமை வந்துவிடும். படத்தில் காட்டிய சேலை ஒன்று, போனது வேறொன்று என்றாலோ, கிழிந்து போனாலோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொந்தக்காரர்களை விட்டு நாலு நல்ல விமர்சனம் எழுத வைப்பதையும் அந்த விதிகள் தடை செய்கின்றன. பலரும் அறியாமல் செய்கிற தவறு இது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஜிஎஸ்டி சட்டத்தில் "கேஷுவல் டாக்ஸபிள் பர்சன்" என்று ஒரு வகை உண்டு. பெயரைப் பார்த்து "நானும் கேஷுவலாகத்தானே விற்கிறேன், அது நான்தான்" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. தனக்கு நிலையான இடம் இல்லாத ஒரு மாநிலத்தில் போய் எப்போதாவது விற்பவரைத்தான் அது குறிக்கும். மதுரைக்காரர் பெங்களூருவில் பத்து நாள் கண்காட்சியில் கடை போடுகிறார் என்று வையுங்கள், அவர்தான் அது. அவருக்குச் சலுகை கிடையாது, விதி இன்னும் கடுமை. விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முன்கூட்டியே பதிவு எடுக்க வேண்டும், எதிர்பார்க்கும் வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும், பதிவும் அதிகபட்சம் 90 நாளுக்குத்தான் செல்லும், வேண்டுமானால் ஒருமுறை நீட்டிக்கலாம். அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் தளர்வு இருக்கிறது. அதனால் படிவத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் டிக் போட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது ஏஜென்ட் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் ஆன்லைன் தளம் வழியாக விற்றால் அந்த வரம்பு கிடையாது, ஒரு சேலை விற்றாலும் பதிவு வேண்டும் என்று இருந்தது. தெருமுனைக் கடைக்காரருக்கு 40 லட்சம் வரை விலக்கு, வீட்டிலிருந்து ஆன்லைனில் விற்கும் பெண்ணுக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு. எனக்கு அது எப்போதுமே அநியாயமாகப் பட்டது. 2023 அக்டோபர் 1 முதல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது வரம்புக்குள் விற்கும் சிறு விற்பனையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே தளத்தில் விற்கலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணையும் தொழில் நடக்கும் முகவரியையும் கொடுத்து ஒரு என்ரோல்மென்ட் எண் மட்டும் வாங்க வேண்டும். இது பதிவு இல்லை. இதற்கு ரிட்டர்ன் (விற்பனைக் கணக்கு அறிக்கை) தாக்கல் கிடையாது, வரி கட்டுவதும் கிடையாது.

ஆனால் ஒரு முக்கியமான கட்டு இருக்கிறது. உங்கள் மாநிலத்துக்குள் மட்டும்தான் விற்கலாம். மாநில எல்லையைத் தாண்டி ஒரு பார்சல்கூடப் போகக்கூடாது. தளமே அப்படிப்பட்ட ஆர்டரை அனுமதிக்கக்கூடாது என்பது விதி. உங்கள் ஊருக்கு இது பெரிதாகத் தெரியாது. கடலூர், விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் வலிக்கும். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால், அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் வாடிக்கையாளர்கூட சட்டத்தின் கண்ணில் வெளி மாநிலத்துக்காரர். ஓசூரிலிருந்து பெங்களூருவுக்கும் இதே கதைதான்.

இதில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தளமே வேண்டாம், வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ ஆர்டர் எடுத்து நானே கூரியரில் பெங்களூருவுக்கு அனுப்புகிறேன் என்றாலும் அதே எல்லை உண்டு. பொருளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பவருக்கு 40 லட்சம் வரம்பு பொருந்தாது, பதிவு வேண்டும். கையால் செய்த சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது அரசு அறிவிக்கையில் உள்ள பொருளாக இருக்க வேண்டும், பான் வேண்டும், சரக்கோடு போகும் இ-வே பில் என்ற ஆவணமும் வேண்டும். எல்லாச் சுங்குடிச் சேலையும் தானாக அதில் சேராது. மில்லில் அச்சிட்ட சேலையை அந்தக் கணக்கில் அனுப்பிவிட்டுப் பிறகு கஷ்டப்படாதீர்கள்.

40 லட்சம் என்பது லாபம் அல்ல, மொத்த விற்பனை. தளத்தில் விற்றது, வாட்ஸ்அப்பில் விற்றது, வீட்டுக்கு வந்து வாங்கிப் போனவர்களுக்கு விற்றது எல்லாமே ஒரே பான் எண்ணின் கீழ் கூட்டப்படும். மாதம் இருபது சேலை என்றால் நீங்கள் அந்த வரம்பின் பக்கத்திலேயே இல்லை.

அப்படியென்றால் ஜிஎஸ்டி எடுப்பதால் என்ன நஷ்டம், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அப்படித்தான் எடுத்தார். எடுத்துக் கொடுத்தவர் பணம் வாங்கியதோடு சரி, ரிட்டர்ன் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து என்னிடம் வந்தார். விற்பனை ஏதும் இல்லாவிட்டாலும் "விற்பனை இல்லை" என்று ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம், ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாய் வரை. ஒரு மாதத்துக்கு இரண்டு வகை ரிட்டர்ன், பன்னிரண்டு மாதம். நீங்களே கணக்குப் போடுங்கள். விற்றதில் அவருக்குக் கிடைத்த லாபத்தைவிட அபராதம் அதிகமாக இருந்தது. அந்த அம்மா என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. அதனால்தான் தேவையில்லாத பதிவை எடுக்காதீர்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறேன்.

நாடு முழுக்க விற்க வேண்டும், அந்த அளவுக்கு ஆர்டர் வருகிறது என்றால் பதிவு எடுங்கள், தப்பே இல்லை. ஆனால் பதிவு எடுத்த நாளிலிருந்து முதல் ரூபாய்க்கே வரி உண்டு. தளமும் விற்பனையில் 0.5 சதவீதம் டிசிஎஸ் என்று பிடித்து உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் வரவு வைக்கும். 2024 ஜூலை 10க்கு முன் அது 1 சதவீதமாக இருந்தது. அது உங்கள் பணம்தான், வரியில் கழித்துக்கொள்ளலாம்.

இனி கட்டணம். ஒவ்வொரு தளமும் பெயரை மாற்றி மாற்றிப் பிடிக்கும். கமிஷன், நிலையான கட்டணம், எடையைப் பொறுத்த ஷிப்பிங் என்று பொதுவாக மூன்று. மீஷோ 2021லிருந்து கமிஷன் வாங்குவதில்லை. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழே உள்ள பல பொருள்களுக்குக் கமிஷனை எடுத்துவிட்டது. கமிஷன் இல்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தம் இல்லை, ஷிப்பிங்கும் திரும்பி வரும் பார்சலுக்கான செலவும் இருக்கின்றன. அப்புறம், தளம் வாங்கும் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பதிவு எடுத்தவர் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்வார். நீங்கள் பதிவு எடுக்காதவர், உங்களுக்கு அது முழுச் செலவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விகிதங்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை, நீங்கள் சேரும் தளத்தின் கட்டண அட்டையைப் பார்த்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். சேலை விலை 900 ரூபாய். கமிஷன் 90, நிலையான கட்டணம் 40, ஷிப்பிங் 80, ஆக 210. அதன் மேல் 18 சதவீதம் 37 ரூபாய் 80 காசு. மொத்தப் பிடித்தம் 247.80. உங்கள் கைக்கு வருவது 652.20. சேலையை 600 ரூபாய்க்கு எடுத்தீர்கள், கவர், டேப், அட்டைக்கு 15 ரூபாய். மிச்சம் 37 ரூபாய் 20 காசு. வாட்ஸ்அப்பில் இதே சேலைக்கு 250, 300 நின்றிருக்கும், இல்லையா?

இப்போது ஒரு சேலை திரும்பி வருகிறது. திரும்பக் கொண்டுவர 120 ரூபாய் என்று வையுங்கள், வரியோடு 141.60. கிட்டத்தட்ட நான்கு சேலையின் லாபம் ஒரே பார்சலில் போய்விடும். துணி விற்பவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. சுங்குடியில் நிறம் படத்தில் ஒரு மாதிரியும் நேரில் ஒரு மாதிரியும் தெரியும். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், ஜாக்கெட் துணி சேர்ந்ததா இல்லையா என்று எழுதுங்கள், முதல் முறை துவைக்கும்போது சாயம் போகும் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். நான் பார்த்தவரை பாதித் தகராறு இந்த மூன்றில்தான் வருகிறது. விலையையும் முதலில் 900 என்று வைத்துவிட்டுக் கடைசியில் 652 என்று இறங்காமல், கைக்கு எவ்வளவு நிற்க வேண்டும் என்பதிலிருந்து மேலே ஏற்றி நிர்ணயம் செய்யுங்கள். தளத்தில் விலை கூடினால் விற்காது என்று தோன்றினால், அந்தச் சேலை வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். எல்லாச் சரக்கையும் தளத்தில் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை.

வருமான வரியைப் பற்றி ஒரு நிமிடம். தளம் வழியாக விற்கும் தனிநபருக்கு ஆண்டு விற்பனை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால், தளம் டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடிக்காது. அதைத் தாண்டினால் 0.1 சதவீதம் பிடிப்பார்கள், 2024 அக்டோபருக்கு முன் அது 1 சதவீதம். பான் கொடுக்காதவர்களுக்கு 5 சதவீதம் வரை போய்விடும். அதனால் கணவர் பெயரில் பான், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு என்று கலக்காதீர்கள். எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சேலை எடுத்த பில், தளம் அனுப்பும் செட்டில்மென்ட் தாள் இரண்டையும் மாதவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

ஊறுகாய், பொடி மாதிரி தின்பண்டம் விற்கிற சகோதரிகளும் இதைப் பார்ப்பீர்கள். உங்களுக்கு விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். அதைத் தனி வீடியோவில் சொல்கிறேன்.

கடைசியாக அந்த 3,000 ரூபாய். கொடுக்காதீர்கள். என்ரோல்மென்ட் எண்ணுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை, ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. ஜிஎஸ்டி அரசு இணையதளத்தில், மின்வணிகத் தளம் வழியாக விற்கும் பதிவில்லாதவர்களுக்கான பகுதிக்குப் போங்கள். பான், முகவரி, மொபைலுக்கு வரும் ஓடிபி கேட்கும். மாநிலம் தேர்வு செய்யும்போது மட்டும் கவனமாக இருங்கள், ஒரே ஒரு மாநிலத்தில்தான் இந்த எண் கிடைக்கும். எண் வந்ததும் அதை ஏற்கும் தளத்தில் சேருங்கள். மீஷோ ஏற்கிறது, சில தளங்கள் இன்னும் ஜிஎஸ்டி எண் கேட்கின்றன. கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை என்றால் கல்லூரியில் படிக்கும் யாராவது வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபியை மட்டும் யாரிடமும் போனில் சொல்லாதீர்கள். நடுவில் எங்கேயாவது நின்றுவிட்டால், திரையைப் படம் எடுத்து, பான் எண்ணை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.