வயதை ஒதுக்கிவிட்டுக் கேட்க வேண்டிய ஆல்பம்

(கிருஷ்ணகிரியில் இசை ரசிகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும், ஓசூரிலும் தருமபுரியிலும் வேலை முடித்துவிட்டு நேரே இங்கு வந்து சேர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் என் வணக்கம்.

ஜூடாஸ் பிரீஸ்ட் என்னும், மின் கிடார்களின் கனத்த ஒலியை முதன்மையாகக் கொண்ட ஹெவி மெட்டல் இசைக் குழுவின் பத்தொன்பதாவது ஆல்பமான ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2024 மார்ச் 8 அன்று இது வெளிவந்த நாளிலிருந்து என் காதில் விழுந்த பாராட்டுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை: “இந்த வயதிலும் இப்படிப் பாடுகிறார்களே!” அன்போடு சொல்லப்படும் சொல்தான் என்றாலும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுபதைக் கடந்தவர்கள் மேடையேறுகிறார்கள் என்பதற்காகக் கைதட்டிவிட்டு, அவர்கள் என்ன இயற்றியிருக்கிறார்கள் என்று கேட்காமல் எழுந்து போவது கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இந்த ஆல்பம், பாடியவர்களின் பிறந்த ஆண்டை அறியாத ஒருவர் கேட்டாலும் தலைநிமிர்ந்து நிற்கக்கூடியது என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைப் பாடல்களுக்குள்ளிருந்தே எடுத்துக்காட்ட முயல்கிறேன்.

குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை ஒட்டி, நிலக்கரியாலும் இரும்பாலும் கரியேறிப் போனதால் ‘பிளாக் கன்ட்ரி’ என்றே பெயர் பெற்ற தொழிற்பகுதியிலிருந்து 1969இல் புறப்பட்டது இந்தக் குழு. முதல் ஆல்பம் 1974இல் வந்தது. கிடார் கலைஞர் கிளென் டிப்டன் இசைக்கு வருமுன் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ என்னும் அரசு எஃகு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1980இல் வந்த புகழ்பெற்ற ஆல்பத்துக்கு ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை. ஆலை எந்திரத்தின் ஓயாத தாளத்தைக் கேட்டு வளர்ந்தவர்களின் இசை இது என்பதை, ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதே வகை இசையைத் தரும் குழுக்களான அயர்ன் மெய்டன் 2007இலும் மெட்டாலிகா 2011இலும் பெங்களூரில் வாசித்தபோது நேரில் சென்று கேட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

முந்தைய ஆல்பமான ‘ஃபயர்பவர்’ 2018இல் வந்தது. அதற்கும் இதற்கும் இடையிலான ஆறு ஆண்டுகளில் இந்தக் குழு பட்டதை அறிந்துகொண்டால்தான் இதன் கட்டுமானம் புரியும் என்பதால் அதைச் சொல்கிறேன்; இரக்கம் தேடுவதற்காக அல்ல. டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது 2018இல் வெளியே தெரிந்தது. அவர் முழுநேர மேடைப் பயணத்திலிருந்து விலக, ஒலிப்பதிவுக் கலைஞரும் தயாரிப்பாளருமான ஆண்டி ஸ்னீப் மேடையில் அவருடைய இடத்தில் நின்றார். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் வாசித்துக்கொண்டிருந்தபோதே மற்றொரு கிடார் கலைஞரான ரிச்சி ஃபாக்னரின் இதயத்திலிருந்து செல்லும் பெருந்தமனி கிழிந்தது. அவர் அந்தப் பாடலை முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார், பிறகு பத்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை சிகிச்சை நடந்தது. அதையடுத்து வந்த பக்கவாதத்தால் தம் வலக்கை முன்போல் இயங்கவில்லை என்பதை அவர் 2025இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். பாடகர் ராப் ஹால்ஃபோர்டும் இதே காலத்தில் புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவர்.

2022 ஜனவரியில், இனி ஒரே கிடாருடன் நால்வராகச் சுற்றுப்பயணம் செய்வோம் என்று குழு அறிவித்தது. ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. சில நாள்களுக்குள் அந்த முடிவு கைவிடப்பட்டது. ரசிகர்களின் பிடிவாதம் என்று சிலர் இதைக் குறை சொன்னார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு கிடார்கள் ஒன்றோடொன்று பேசுவதுதான் இந்தக் குழுவின் உயிர்நாடி. ஒன்று கேள்வி எழுப்ப மற்றொன்று விடை கூறி, பிறகு இரண்டும் சேர்ந்து ஒரே மெட்டை இரு சுரங்களில் ஏந்திச் செல்லும் அந்த முறையை ஹெவி மெட்டல் உலகில் பரவலாக்கியவர்களில் இவர்கள் முன்வரிசையில் நிற்பவர்கள். புதிய ஆல்பத்தில் அந்த உரையாடல் இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் தேடியது.

இருக்கிறது, தலைப்புப் பாடலில் நிறைவாகவே இருக்கிறது. ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்தப் பாடல், ரிஃப் எனப்படும், திரும்பத் திரும்ப வரும் விரைவான கிடார் துணுக்கில் தொடங்கி, நடுப்பகுதியில் கிடார்கள் முன்னே வந்து மாறி மாறி வாசித்து, பிறகு இரண்டும் கைகோத்து எழும்பும்போது, வேகத்தின் இரைச்சலுக்குள் தெளிவான ஒரு மெட்டு நடந்துகொண்டே இருக்கிறது. கேட்டு முடித்த பிறகு வாயால் முணுமுணுக்க முடிகிற சோலோ, அதாவது கிடாரின் தனி வாசிப்பு, இந்தக் காலத்தில் அரிதாகிவிட்டது. விரலின் வேகத்தைக் காட்டுவதையே நோக்கமாகக் கொண்ட வாசிப்பு பெருகிவிட்டது. ஃபாக்னர் வேகமாகவும் வாசிக்கிறார், அதே நேரத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்திருக்கிறார். டிப்டன் இந்த ஆல்பத்தில் வாசித்திருப்பதோடு, ஹால்ஃபோர்டுடனும் ஃபாக்னருடனும் சேர்ந்து பாடல்களை இயற்றியும் இருக்கிறார். ஓர் இசைக்கலைஞரின் பங்கு விரல்களோடு முடிந்துவிடுவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, குரல். ஆல்பம் வந்தபோது ஹால்ஃபோர்டுக்கு 72 வயது. நம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும்போது விடிய விடியக் கூத்துக் கேட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். மூத்த வாத்தியார் ஒருவர் வேடங்கட்டி வந்தால், தொடக்கத்திலேயே தொண்டையைத் திறந்துவிட மாட்டார். வசனத்திலும் நடு ஸ்தாயியிலும் கதையை நடத்திக்கொண்டுபோய், துகில் உரியும் கட்டத்திலோ படுகளத்திலோ ஒரே ஒரு விருத்தத்தை உச்சியில் எடுத்து நிறுத்துவார். கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஹால்ஃபோர்டும் இந்த ஆல்பத்தில் அதைத்தான் செய்கிறார். 1990இல் வந்த ‘பெயின்கில்லர்’ ஆல்பத்தில் கிட்டத்தட்டப் பாடல் முழுவதும் உச்சக் குரலிலேயே நின்றவர், இங்கே பாடலின் உடலை அடர்த்தியான நடுக்குரலில் பாடிவிட்டு, வீறிடலை வேண்டிய இடத்துக்கென்று வைத்திருக்கிறார். ‘தி சர்பென்ட் அண்ட் தி கிங்’ பாடலில் அந்தக் குரல் மேலே பாயும்போது அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இடம் இருக்கிறது. குரல் குறைந்துவிட்டதால் செய்த சமரசம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இளமையில் அவர் தேவையில்லை என்று விட்டிருந்த ஓர் அழகு இது.

அந்த நடுக்குரலின் சிறப்பை முழுமையாகக் காட்டுவது ‘கிரவுன் ஆஃப் ஹார்ன்ஸ்’. மித வேகத்தில், மெட்டையே முதன்மையாகக் கொண்டு நடக்கும் அந்தப் பாடலை நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கேட்டிருக்கிறேன். முதல் பாடலான ‘பேனிக் அட்டாக்’, எண்பதுகளில் இவர்கள் கையாண்ட சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியின் ஒலியை நினைவுபடுத்தும் தொடக்கத்தோடு வந்து, பின் சட்டென்று பாய்கிறது. இணையத்தில் பொழுதெல்லாம் சினத்தையும் அச்சத்தையும் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் மனிதர்களைப் பற்றிய பாடல் அது. பழைய குழு பழைய கதைகளையே பாடும் என்று எண்ணுபவர்கள் அதைக் கேட்க வேண்டும். டிரம்ஸ் வாசிக்கும் ஸ்காட் டிராவிஸ் இரு கால்களாலும் பெரிய டிரம்மை மாறி மாறி அடிக்கும் வேகம் ‘ஆஸ் காட் இஸ் மை விட்னஸ்’ பாடலில் தனியாகக் கவனிக்கத்தக்கது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பின்பாதியில் வரும் ‘சன்ஸ் ஆஃப் தண்டர்’ குறுகிய, எளிய பாடல். மோட்டார் சைக்கிள் பாடல்களை இவர்கள் இதைவிடச் சிறப்பாக முன்பே தந்திருக்கிறார்கள். இந்த ஆல்பத்தைத் தயாரித்த ஸ்னீப்பின் ஒலியமைப்பு கூர்மையானது, ஆனால் எல்லாக் கருவிகளையும் ஒரே உரப்பில் நிறுத்திவிடுவதால், தொடக்க காலம் முதல் இடைவிடாமல் இந்தக் குழுவில் இருக்கும் இயன் ஹில்லின், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் பல இடங்களில் கிடார்களின் அடியில் மறைந்துபோகிறது. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக அடித்தளமாக நிற்பவரின் வாசிப்பைத் தனித்துக் கேட்க முடியவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். ‘எஸ்கேப் ஃப்ரம் ரியாலிட்டி’ போன்ற மெதுவான பாடலில், கருவிகளுக்கிடையே இன்னும் கொஞ்சம் வெளி விட்டிருந்தால் அதன் கனம் கூடியிருக்கும்.

முதன்மைப் பதினொரு பாடல்களில் இறுதியாக வரும் ‘ஜயண்ட்ஸ் இன் த ஸ்கை’, மறைந்துபோன தம் சக இசைக்கலைஞர்களை நினைத்து இவர்கள் செய்த அஞ்சலி. ஹெவி மெட்டல் உலகின் மறைந்த பாடகர்களான ரானி ஜேம்ஸ் டியோவும் லெம்மியும் இல்லாத மேடையில் இன்னும் நிற்பவர்கள் எழுதிய பாடல் என்றாலும், அதில் அழுகை இல்லை. நடுவில் ஓரிடத்தில் மின் கிடார்கள் ஓய்ந்து அக்கூஸ்டிக் கிடார் மட்டும் ஒலிக்கிறது, பிறகு முழுக் குழுவும் திரும்ப வந்து பாடலை முன்னைவிட உரத்து முடிக்கிறது. துயரத்தைப் பாட இவர்கள் தங்கள் இசையின் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

பிரிட்டனின் ஆல்பம் வரிசையில் இது இரண்டாம் இடத்தைப் பிடித்தது; அங்கே இவர்கள் இதுவரை எட்டிய மிக உயர்ந்த இடம் அது. ஐம்பதாண்டு ஆல்பங்கள் எதற்கும் அங்கு கிடைக்காத இடம் பத்தொன்பதாவது ஆல்பத்துக்குக் கிடைத்திருக்கிறது.

இந்தக் குழுவை இதுவரை கேட்டிராத இளைஞர்கள் தலைப்புப் பாடலிலிருந்து தொடங்கலாம். ஃபோனின் சிறிய ஸ்பீக்கரில் கேட்காமல், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் கிடார்கள் பிரிந்து நிற்பது அப்போதுதான் தெரியும். அதன்பின் ‘கிரவுன் ஆஃப் ஹார்ன்ஸ்’, அதன்பின் முதல் பாடலிலிருந்து வரிசையாக முழு ஆல்பம். பிடித்துப்போனால் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’, ‘பெயின்கில்லர்’ இரண்டுக்கும் போங்கள். உங்களில் யாருக்காவது ‘சன்ஸ் ஆஃப் தண்டர்’ பற்றி என்னோடு வாதாட விருப்பமிருந்தால், கூட்டம் முடிந்ததும் நான் இங்கேயே இருப்பேன். வணக்கம்.