தடையும் வரியும்: ஆன்லைன் சூதாட்டத்தின் அரசியல்

எல்லோருக்கும் வணக்கம்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை வேண்டும் என்பவன் நான். சம்பளம் வந்த அன்றே செல்போனுக்குள் கரைந்துபோகிற வீடுகளை இங்கே உட்கார்ந்திருக்கிற பலரும் பார்த்திருப்பீர்கள். ஆனால், தடை என்று ஒரு அரசு அறிவித்ததும் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. யார் போட்டார்கள், எந்த நேரத்தில் போட்டார்கள், யாருக்கு என்ன கிடைத்தது என்று நாம் கேட்க வேண்டும்.

2020 நவம்பரில் தமிழ்நாட்டின் அதிமுக அரசு ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு ஐந்து மாதம்கூட இல்லை. 2021 பிப்ரவரியில் அது சட்டமானது. ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ரம்மி என்ற சீட்டாட்டம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைத் தாண்டி வர வேண்டுமானால் பாதிப்புக்கு ஆதாரம் திரட்டியிருக்க வேண்டும். தேர்தல் அவசரத்தில் அந்த வேலை நடக்கவில்லை.

அப்புறம் வந்த திமுக அரசு அந்த வேலையைச் செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அறிக்கை வாங்கி, 2022 அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டது. ஆளுநர் ஆர்.என்.ரவி அதற்கு ஒப்புதல் தந்தார். அதே மாதம் 19-ஆம் தேதி மசோதாவும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்த மசோதாவுக்கு மட்டும் கையெழுத்து வரவில்லை. நவம்பர் 27 அன்று அவசரச் சட்டம் காலாவதியானது. நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, இப்படி ஒரு சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அவசரச் சட்டத்துக்கு இருந்த அதிகாரம் மசோதாவுக்கு எப்படி இல்லாமல் போயிற்று? பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 34-ஆவது இனமாக இருக்கின்றன. சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றிய பிறகு, ஏப்ரல் 10 அன்றுதான் ஒப்புதல் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் ஒரு தடையும் இல்லாமல் ஆட்டம் நடந்தது. அந்த நாட்களில் கடனாளியானவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அதே 2023 ஏப்ரலில், 6-ஆம் தேதி, ஒன்றிய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் எவற்றை அனுமதிக்கலாம் என்று விளையாட்டு நிறுவனங்களே சேர்ந்து அமைக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புகள் முடிவு செய்யும் என்பது அன்றைய ஏற்பாடு. சென்னை தடுக்க நினைத்ததை டெல்லி அனுமதிக்க வழி செய்தது. சண்டை சூதாட்டத்தைப் பற்றியது மட்டும் இல்லை, கடிவாளம் யார் கையில் என்பதைப் பற்றியது.

இனி வரிக்கு வருகிறேன். முன்பு நிறுவனம் எடுக்கும் கமிஷனுக்குத்தான் ஜிஎஸ்டி. நூறு ரூபாய் ஆட்டத்தில் பத்து ரூபாய் கமிஷன் என்றால், அதில் 18 சதவீதம், அதாவது 1 ரூபாய் 80 காசு. 2023 அக்டோபர் 1 முதல், கட்டுகிற முழுப் பணத்துக்கும் 28 சதவீதம் என்று ஆனது. மாநிலம் தடை செய்ததை வரி வளையத்துக்குள் கொண்டுவந்தால் சிக்கல் வராதா என்று தமிழ்நாடு ஜிஎஸ்டி மன்றத்திலேயே கேட்டது. நியாயமான கேள்வி. வருமானம் வந்தது: ஆறு மாதத்தில் 1,349 கோடியிலிருந்து 6,909 கோடியாக உயர்ந்தது என்று 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. சாதனைக் கணக்காகச் சொன்னார்கள். நான் அதை வேறு மாதிரி வாசிக்கிறேன். அவ்வளவு வரி வந்தது என்றால், அதற்கு மேல் எத்தனை மடங்கு பணம் ஆட்டத்துக்குள் போயிருக்கும்?

சரி, அதே ஒன்றிய அரசு 2025 ஆகஸ்டில் என்ன செய்தது? திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுக்கும் தடை என்றது. 20 அன்று மக்களவை, 21 அன்று மாநிலங்களவை, 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். அமளிக்கு நடுவே, சரியான விவாதம் இல்லாமலே நிறைவேறியது. தமிழ்நாட்டின் மசோதா மாதக்கணக்கில் காத்திருந்தது. இதற்கு மூன்று நாள் போதுமானதாக இருந்தது. தடையை நான் வரவேற்கிறேன். ஆனால் செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றம், ஆன்லைன் பண விளையாட்டுக்கு 40 சதவீத வரி என்றும் முடிவு செய்தது. ஒழிக்கப்போவதாகச் சொன்ன தொழிலுக்கு வரி விகிதம் எதற்கு?

மாநிலக் கட்சிகளையும் விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்து தடை. ஆனால் லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் வாங்கிய 1,368 கோடி ரூபாய் தேர்தல் பத்திரத்தில், அதாவது கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதற்கான பத்திரத்தில், 509 கோடி தங்களுக்கு வந்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்திடம் சொல்லியிருக்கிறது. திரிணமூல் காங்கிரஸ், பாஜக என்று மற்றக் கட்சிகளுக்கும் போனது. சூதாட்டத்தை எதிர்ப்பவர்கள் அந்தத் தொழிலின் பணத்தைத் தொடாமல் இருந்திருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டிய வேலை வேறு இடத்தில் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து நடத்தும் பந்தயச் செயலிகள் டெலிகிராம் வழியாக ஆள் பிடிக்கின்றன. புகாரை வாங்குவது மாநிலக் காவல் துறை. இணையதளத்தை முடக்கும் அதிகாரம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி, ஒன்றிய அரசிடம். புகார் வந்து எத்தனை நாளில் ஒரு செயலி முடக்கப்படுகிறது, வசூலித்த வரியில் எவ்வளவு இந்தப் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சைக்குப் போனது என்ற இரண்டு கேள்விகளை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.