வாடை மழைக்கு இரண்டு பேர் கூடாரம்: எதைப் பார்த்து வாங்குவது?

வணக்கம். கார்த்திகை, மார்கழியில் முல்லைத்தீவுப் பக்கம் முதுகுப்பையோடு போய்க் கூடாரம் அடிக்க நினைக்கிறீர்களா? கடையில் 'எத்தனை கிலோ' என்று கேட்பதற்கு முன்னால், வெளிக்கூரை நிலத்துக்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்று பாருங்கள். வாடைக்காற்றில் மழை சரிந்துதான் அடிக்கும், அரைவாசி மூடும் கூரை இங்கே உதவாது.

[காட்சி: நனைந்து தொய்ந்த கூரைத் துணி]

நைலோன் தண்ணீரை உறிஞ்சித் தொய்யும், தொய்ந்த துணி காற்றில் படபடத்து உள்வலையோடு ஒட்டும், நடுச்சாமத்தில் எழும்பிக் கயிறு இழுக்க வேண்டிவரும். பொலியெஸ்ரர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். வன்னிக்கு நான் அதைத்தான் சொல்வேன். இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசிய துணியென்றால் தையலில் தண்ணீர் புகாமல் ஒட்டும் நாடா (ரேப்) பிடிக்காது, சிலிக்கன் பசையால் அடைத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

நீர்தாங்கும் அளவு, அதாவது துணி கசியாமல் தாங்கும் நீர்த்தூணின் உயரம், கூரைக்கு 1500 மில்லிமீற்றர், தரைக்கு 3000 இருந்தால் போதும். முழங்கால் ஊன்றி அழுத்துவது தரையைத்தானே.

சரி, இனி உள்ளே வரும் ஈரம். தறப்பாள் கொட்டிலில் மாரி கழித்த சனத்துக்கு இது தெரியும்: ஓட்டையே இல்லாவிட்டாலும் விடியப்புறம் உள்பக்கம் சொட்டும், நம்முடைய மூச்சுத்தான் அப்படிப் படிகிறது. அதனால் எவ்வளவு இலேசாக இருந்தாலும் ஒற்றைத்துணிக் கூடாரம் வேண்டாம். உள்ளே நுளம்புவலை, வெளியே தனிக்கூரை, மழையிலும் திறந்து வைக்கக்கூடிய காற்றுவழி, இவ்வளவும் வேண்டும். கொட்டும் மழையில் வெளிக்கூரையை முதலில் நிறுத்திவிட்டு, அதன்கீழ் உள்ளறையைத் தொங்கவிடும் வகை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

[காட்சி: கடற்கரை மணலில் முளை கழன்று வருகிறது]

காற்றுக்கு, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் அலுமினியத் தடிகள் நல்லது, ஃபைபர் தடி பிளந்து முறியும். மணலில் மெல்லிய முளை நிற்காது. சின்னப் பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஆழமாகப் புதையுங்கள். கூடாரத்தின் ஒடுங்கிய முனை காற்று வரும் பக்கம் இருக்கட்டும்.

இரண்டு பேருக்கு 130 சென்ரிமீற்றர் அகலம், இரண்டு வாசல். இப்படிப் பார்த்து எடுத்தால் 2 கிலோ அளவில் வரும், ஒருவர் துணியையும் மற்றவர் தடி, முளையையும் சுமந்தால் பாரமே தெரியாது.

எங்கே அடிக்கிறோம் என்பதும் முக்கியம். குளம் நிரம்பி வான் பாயும் வழியில் அடிக்கவே அடிக்காதீர்கள், இரணைமடுக் கதவு திறந்தால் தண்ணீர் நேரம் பார்த்து வராது. மிதிவெடிப் பலகை நிற்கும் காட்டுக்குள் கால் வைக்க வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தையே விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நிழலில் விரித்து நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் தரையின் உள்பூச்சு பிசுபிசுத்து உரியும்.