கத்திரி வெயிலில் டயர் காற்றைக் குறைக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கத்திரி தொடங்கியதும் கார் டயரில் நாலைந்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றைக் குறைத்துவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. சூட்டில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். உண்மையில் ஆபத்து அந்தக் குறைத்த காற்றில்தான் இருக்கிறது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்திப் பாருங்கள், வளைந்த இடம் சுடும். அதே போல டயருக்குள் இருக்கும் ரப்பரும் இழைகளும் சூடேறி ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பாரமும் வேகமும் சேர்ந்தால் அங்கேதான் வெடிக்கும். தயவுசெய்து குறைக்காதீர்கள்.

சரியான அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பார்கள். ஆள் குறைவாகப் போனால் ஒன்று, ஆளும் சாமானும் நிறைந்தால் ஒன்று என்று இரண்டு கணக்கு இருக்கும். நிறைந்த வண்டிக்குப் பெரும்பாலும் பின் டயரில்தான் கூடும். 2.2 பார் (bar) என்று போட்டிருந்தால் 32 பிஎஸ்ஐ. டயர் மேலேயே 44, 51 என்று எழுதியிருப்பது அந்த டயருக்கான உச்ச வரம்பு. அதைப் பார்த்து நிரப்பினால் நடுப்பகுதி மட்டும் தேயும், பிரேக் பிடிப்பும் குறையும்.

ஸ்டிக்கரின் எண் ஆறிய டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், வெயில் படாத இடத்தில். ஓடிய டயர் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் பற்றாக்குறைதான்.

பங்க் தூரத்தில் இருந்தால் என்ன செய்வது? கையடக்க கேஜ் ஒன்று வாங்கிக் காலையில் வீட்டிலேயே அளந்து, ஒவ்வொரு டயரிலும் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 33 வேண்டிய இடத்தில் 28 இருந்தால் குறைவு 5. பங்க்குக்குப் போய்ச் சேரும்போது அதே டயர் 31 காட்டலாம். அந்த 31-உடன் குறைந்த 5-ஐச் சேர்த்து 36 வரை பிடியுங்கள்.

பிடித்து முடித்ததும் வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி (பின்) கசிகிறது. முதலில் அதை இறுக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் மாற்றிவிடுங்கள். மூடியைத் தொலைத்துவிடாதீர்கள், தூசி புகுவதே கசிவுக்கு வழி.

நல்ல டயரிலும் மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாக இறங்கும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியிலும் அப்படியே. மாதம் ஒருமுறை அளக்கும்போது ஐந்தாவதாக அதையும் அளந்துவிடுங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதற்கு அளவு வேறு, பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ. அதன் மேலேயே எழுதியிருக்கும்.