வழி சொல்பவரா, வழித்துணையா?

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி நண்பர்கள் காலையில் நம் குமரி மாவட்டத்து மருந்துவாழ்மலை ஏறிவிட்டு நேராக மேடைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கால் வலிக்கு எங்கள் அணியின் அனுதாபங்கள்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்: மலையும் காடும் பார்க்க வரும் வெளியூர்க்காரரை அதிகம் அரவணைப்பவர்கள் உள்ளூர் மக்களா, உடன் நடக்கும் பயணிகளா? நான் உள்ளூர் மக்கள் பக்கம்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? மலையில் எதிரே வருகிற முகம் தெரியாதவர்கூடச் சிரிக்கிறாராம், உள்ளூர்க்காரர் மட்டும் முறைத்துப் பார்த்து "எந்த ஊரு, எங்க போறிய" என்று போலீஸ் விசாரணை நடத்துகிறாராம். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

சரி, அந்தச் சிரிக்கிறவரையே எடுத்துக்கொள்வோம். பொற்றையடிப் பக்கமிருந்து அதே மருந்துவாழ்மலையில் நானும் ஏறியிருக்கிறேன். பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நிற்கிறேன். இறங்கி வந்தவர், "இன்னும் பத்து நிமிஷம்தான் சார்" என்றார். இருபது நிமிஷம் ஏறிய பிறகு இன்னொருவர் வந்தார். அவரும் பத்து நிமிஷம் என்றார். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையைத் தாண்டியும் அந்தப் பத்து நிமிஷம் என் கூடவே ஏறி வந்தது. இறங்கும்போது ஒருவர் என்னிடம் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன், நடுவர் அவர்களே! சக பயணியின் அன்பு அப்படி. மனசு நோகக் கூடாது என்று பொய் சொல்லும்.

உள்ளூர்க்காரர் மனசு நோகச் சொல்வார். ஓர் ஐப்பசி மாதம், காட்டுக்குள் ஆற்றோரம் இருக்கும் காளிகேசம் போகலாம் என்று கீரிப்பாறையில் பஸ் இறங்கினேன். பஸ்ஸிலேயே நாலு இளைஞர்கள் பழக்கமாகிவிட்டார்கள். முறுக்குப் பொட்டலம் கைமாறி, "அண்ணா" என்று கூப்பிடும் அளவுக்கு உறவு முற்றிவிட்டது. ஓரிடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். தலைக்கு மேலே வெயில். "வாங்கண்ணா, முழங்கால் தண்ணிதானே" என்று அவர்கள் இறங்கப் போனார்கள்.

பின்னாலிருந்து ஒரு சத்தம். ரப்பர் பால் வெட்டுகிற பெரியவர். கையில் வாளி, இடுப்பில் கத்தி. எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னோம். "தண்ணிக்க நிறத்தப் பாத்தியளா?" என்றார். அப்போதுதான் பார்த்தோம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கூழாங்கல் தெரிந்த தண்ணீர், டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. "மேல மழை. போவாண்டாம்."

எங்களுக்கு எரிச்சல்தான். அரை மணி நேரம் கழித்து, நாங்கள் கால் வைக்கப் பார்த்த பாறை தண்ணீருக்குள் போயிருந்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டிலும் நனைகிற மாவட்டம் இது. இங்கே வெயிலை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியும், என் முறுக்குச் சிநேகிதர்களுக்குத் தெரியாது. எனக்கும்தான். "நான்தான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. "சாப்பிட்டியளா?" என்றார். அவர் வீட்டுத் திண்ணையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும், இங்கே சம்மந்தி என்று சொல்லும் காந்தாரி மிளகாய்த் துவையலும் சாப்பிட்டோம். அந்த உறைப்பு நாகர்கோவில் வரை நாக்கில் இருந்தது.

அவர் முதலில் கேட்டது என்ன? எதிரணி குறை சொன்ன அதே "எங்க போறிய?" தான். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னதால்தான் இன்று இங்கே நின்று பேசுகிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "எந்த ஊரு" கேட்ட பிறகு "யாரு வீடு, என்ன ஆளு" என்று தோண்டுகிறவர்களும் உண்டு. அது விசாரிப்பு அல்ல, அளவெடுப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

அடுத்து, சிவாலய ஓட்டம். சிவராத்திரிக்குக் கையில் பனையோலை விசிறியோடு "கோவிந்தா கோபாலா" என்று கூவிக்கொண்டு, திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல். ஓடுகிறவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதைப் பார்த்தீர்களா என்று எதிரணி அம்மையார் கேட்டார். பார்த்தேன், அம்மா. கூடவே இன்னொன்றையும் பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் அடுப்பு மூட்டிச் சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த வீடுகளை. ஓடுகிறவருக்கு ஓடுகிறவர்மேல் பரிவு வருவது இயல்பு, இரண்டு பேருக்கும் ஒரே கொப்புளம். தன் காலில் கொப்புளம் இல்லாமலே தூக்கம் கெட்டு நிற்கிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. 1956-இல் இந்த மண் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பு, திருவிதாங்கூர் காலத்துப் பாதையோரங்களில் வழிப்போக்கர் தங்கும் வழியம்பலங்கள் இருந்தன. சுமைதாங்கிக் கற்கள் நட்டிருந்தார்கள். தலைச்சுமையை இறக்க ஆள் துணை வேண்டாம், அந்த உயரத்துக்குக் கல் நிற்கும். நட்டவருக்குச் சுமப்பவரின் பெயர்கூடத் தெரியாது.

மணி அடித்துவிட்டார்கள். கடைசியாக, நடுவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. சாயங்காலம் இந்த மண்டபத்துக்கு வழி தெரியாமல் முக்கில் காரை நிறுத்தினீர்களே, டீக்கடைக்காரர் கையில் கண்ணாடி டம்ளரோடு காருக்கு முன்னால் பாதித் தூரம் நடந்தே வந்து காட்டினாரே, அவர் எந்த அணி?