குழந்தையின் முதல் பயணம் புதன்கிழமையில்

நேயர்களுக்கு வணக்கம். மேலூர்ப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், பால் நன்றாகக் குடிக்கிறதா, எடை ஏறியிருக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர்கள் என்னிடம் ஒன்று கேட்டுவிடுவார்கள். "நர்சம்மா, பிள்ளையை எப்ப வெளியே தூக்கிட்டுப் போகலாம்?" கோயிலுக்கு எப்போது, அப்பத்தா வீட்டுக்கு எப்போது, அழகரைக் காட்ட எப்போது, காது குத்த எப்போது என்று வரிசையாக வரும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊரில் இதற்கெல்லாம் காலண்டரைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். முப்பது கழிய வேண்டும், ஒற்றைப்படை மாதமாக இருக்க வேண்டும், தேய்பிறை ஆகாது, தாய்மாமனுக்கு லீவு கிடைக்க வேண்டும். பாருங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கென்று ஒரு காலண்டர் அதன் உடம்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. முகம் பார்த்துச் சிரிப்பது, கழுத்து நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது எல்லாம் அதில்தான் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், சுவரில் தொங்குவதை அடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிள்ளை முதன்முதலாக எங்கே போகும் என்று கேட்டால் கோயிலுக்கு என்பார்கள். முக்கியமான முதல் பயணம் ஊசி போடப் போவதுதான். பிறந்ததும் போடுகிற பிசிஜி ஊசியும் ஹெபடைட்டிஸ் பி ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். அடுத்து 6 வாரம், 10 வாரம், 14 வாரம். தமிழ்நாட்டில் தடுப்பூசிக்குப் புதன்கிழமை என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புதன்கிழமையை ஒரு குடும்பமே கிளம்பிப் போகிற நாளாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். துணை சுகாதார நிலையத்து வாசலில் தாய் பிள்ளையைத் துண்டில் சுற்றி வைத்திருப்பாள், பக்கத்தில் அம்மாச்சி ஒயர்கூடையோடு உட்கார்ந்திருப்பார், கூடைக்குள் மாற்றுத்துணி, கண்மை டப்பா, விபூதிப் பொட்டலம் எல்லாம் இருக்கும். பிள்ளையின் அப்பா மட்டும் வேப்பமரத்தடியில் வண்டிப் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை உள்ளே கூப்பிடுவேன். "வேணாம் நர்சம்மா, எனக்குத் தாங்காது" என்பார். சும்மா வாங்க தம்பி, காலை மட்டும் பிடிங்க என்று கூப்பிட்டு, அந்தக் குட்டித் தொடையை அவர் கையில் கொடுப்பேன். ஊசி இறங்கியதும் பிள்ளைக்கு உடனே சத்தம் வராது. வாய் திறக்கும், முகம் சிவக்கும், நெற்றி சுருங்கும், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், அதற்குப் பிறகுதான் அந்த அலறல். தாய் மார்போடு சேர்த்துப் பால் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் விம்மலாக அடங்கிவிடும். அதற்குள் அப்பாவின் கண் கலங்கியிருக்கும். அடுத்த ஊசிக்கு நாள் என்றைக்கு என்று அட்டையைப் பார்த்து முதலில் கேட்கிறவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருங்கள், பஸ் வந்துவிட்டது என்று ஓட வேண்டாம். 6, 10, 14 வாரத்தில் போடுகிற பென்டா ஊசிக்கு, அதாவது ஐந்து நோய்களைத் தடுக்கிற ஊசிக்கு, ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரலாம், போட்ட இடம் வீங்கலாம். காய்ச்சல் மருந்து எத்தனை சொட்டு என்பதைச் செவிலியரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், வீங்கிய இடத்தில் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். இடது கையில் போட்ட பிசிஜி சில வாரம் கழித்துக் கொப்புளமாகிப் பழுத்து ஆறும், அது நல்லது, மருந்து எதுவும் தடவ வேண்டாம். புதன்கிழமை ஊசி, வியாழக்கிழமை குலதெய்வம் கோயில் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள்.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். பேர் வைக்கிற விசேஷத்துக்கு மண்டபம் பிடித்து, இருநூறு முந்நூறு பேரைக் கூப்பிட்டு, மேடையில் பிள்ளையைக் கைக்குக் கை மாற்றுகிற பழக்கம் இப்போது வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. 6 வாரத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்குக் கக்குவானுக்கான ஊசி ஒன்றுகூட விழுந்திருக்காது. பெரியவர்களுக்கு வெறும் வறட்டு இருமலாக வந்துபோவது பச்சைப்பிள்ளைக்கு மூச்சையே நிறுத்துகிற கக்குவான் இருமலாகலாம். தொட்டில் போடுவதை வீட்டோடு செய்யுங்கள். வருகிறவர்கள் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும், முகத்தில் முத்தம் வேண்டாம், பாதத்தில் கொடுக்கட்டும். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்கும் பெண்களுக்காக நானே இங்கிருந்து சொல்லிவிடுகிறேன், நர்சம்மா ரேடியோவில் சொன்னார்கள் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். பிறந்த புதிதில் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிவது 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான். மார்பிலிருந்து தாயின் முகத்துக்கு உள்ள தூரம் அது. கோபுரத்தைக் காட்டினாலும் ஆனையைக் காட்டினாலும் அதற்கு ஒரு மங்கல்தான். அது பார்க்க ஆசைப்படுவது முகத்தை. ஒன்றரை இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும், தூக்கத்தில் வருகிற சிரிப்பில்லை, உங்களைப் பார்த்து உங்களுக்காகச் சிரிப்பது. மூன்று நான்கு மாதத்தில் அசைவதையெல்லாம் கண்ணால் தொடரும். அப்போது ஒரு சாயங்காலம் தெப்பக்குளத்துப் படிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். காற்றில் தண்ணீர் நெளிவதை, பட்டாணி வண்டியில் விளக்கு ஆடுவதை, பக்கத்துப் பிள்ளை கையிலிருக்கிற பலூனை அது இமைக்காமல் பார்க்கும், கையும் காலும் சேர்ந்து துள்ளும். மைய மண்டபத்தைப் பார்க்கவில்லையே என்று தாத்தா வருத்தப்படுவார், அதற்கு வயதிருக்கிறது.

மீனாட்சி கோயிலுக்கு முப்பது கழிந்ததும் போக ஆசைப்படுவது இயல்பு. போங்கள், ஆனால் விடியற்காலை நடை திறந்த கையோடு போய்விட்டு வந்துவிடுங்கள். பத்து மணிக்குக் கிளம்பினால் வரிசையில் நின்று, உச்சிவேளையில் நடை சாத்துகிற நேரத்தில், சித்திரை வைகாசி என்றால் கல் பாவிய தரை கொதிக்கிற நேரத்தில் வெளியே வருவீர்கள். பாதம் சுடுகிறதே என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய்மாரைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. வெள்ளி, பிரதோஷம், விசேஷ நாளைத் தவிர்த்துவிடுங்கள். சந்நிதி வரிசை நீளமாக இருந்தால் பொற்றாமரைக் குளத்து மண்டபத்தில் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வாருங்கள், அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அடுத்து, பெரிய பயணம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டுக்கு அழைத்துப் போவது. உசிலம்பட்டியிலிருந்து மேலூருக்கு, திருமங்கலத்திலிருந்து வாடிப்பட்டிக்கு என்று தினமும் யாராவது போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பஸ்ஸில் போகிறவர்கள் நிறைய. நல்லதுதான். நடுவில் உள்ள சீட்டாகப் பார்த்து உட்காருங்கள், பின்சீட்டில் தூக்கிப் போடும். எனக்குப் பயம் பைக்கைக் கண்டால்தான். கழுத்து நிற்காத பிள்ளையைப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ரிங் ரோட்டில் போகிறார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்தத் தலை எப்படி ஆடும் என்று நினைத்துப் பாருங்கள். கழுத்து நன்றாக நிற்க மூன்று நான்கு மாதமாகும், நின்ற பிறகும் பைக் கைப்பிள்ளைக்கு உகந்ததில்லை. ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள், மொய் எழுதுகிற காசில் ஒரு பங்கு போதும்.

வழியில் பசித்தால் பால் கொடுக்க இடமில்லையே என்பார்கள். 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் தமிழக அரசு திறந்தது. கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள், பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் போய்ச் சாவி கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கூட வருகிற ஆண்களுக்குத்தான் அதைக் கேட்கிற பொறுப்பு அதிகம். வெயிலாக இருக்கிறதே, தொண்டை காயுமே என்று அப்பத்தா பாலாடையில் தண்ணீர் புகட்டுவார். வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், மதுரை வெயிலுக்கும் அதுவே போதும், அதிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது. இன்னும் இரண்டு தடவை கூடுதலாகக் கொடுத்தால் சரி. குடிக்க வேண்டியது தாய்தான், பைக்குள் பாட்டில் அவளுக்காக இருக்கட்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகைக்குள் கைப்பிள்ளையோடு போகவே போகாதீர்கள். லட்சக்கணக்கான கூட்டம், தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், நெரிசல், வெயில். அழகரைக் காட்டத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. அவர் மலையிலிருந்து வரும்போதும் திரும்பும்போதும் அப்பன்திருப்பதி, சுந்தரராஜன்பட்டி என்று மண்டகப்படி மண்டகப்படியாக நின்றுதான் போகிறார். திரும்புகிற காலில் கிராமத்து மண்டகப்படியில் ஓரமாக நின்று நிதானமாகக் கும்பிடலாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள்.

கொடைக்கானல் போகலாமா என்று இப்போது இளம் தம்பதிகள் கேட்கிறார்கள். கழுத்து நின்று, 14 வாரத்து ஊசியும் முடிந்திருந்தால் போகலாம். 2,000 மீட்டருக்கு மேல் ஏறுகிற ஊர், மலைப்பாதை ஏறும்போது காது அடைத்துப் பிள்ளை வீறிட்டு அழும், அங்கங்கே நிறுத்திப் பால் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.

இந்தப் பயணங்களில் ஒரு தொந்தரவு உண்டு. நாலு சொந்தம் சேர்ந்தால் பிள்ளைகளை ஒப்பிடுவார்கள். "எங்க பேரன் நாலு மாசத்துல குப்புற விழுந்துட்டான், உங்களுது இன்னுமா?" இந்த ஒரு வார்த்தையால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் அழுத தாய்மாரை எனக்குத் தெரியும். இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், பிடிமானமில்லாமல் உட்காருவதற்கு ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரை, தனியாக நடப்பதற்கு 8 மாதத்திலிருந்து 17, 18 மாதம் வரை என்று அவ்வளவு அகலமாக இடம் விட்டிருக்கிறார்கள். சில பிள்ளைகள் தவழாமலேயே எழுந்து நடந்துவிடும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள், டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.

நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியபோது வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதத்தை ஒட்டிச் செங்கீரை, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி அப்படியும் இப்படியும் ஆடுவது. ஒன்பதாம் மாதத்தை ஒட்டிச் சப்பாணி, கைகொட்டுவது. கோரைப்பாயில் கிடக்கிற உங்கள் பிள்ளை எச்சில் ஒழுக அந்தச் செங்கீரைக் கோலத்தில் நிமிர்ந்து உங்களைத் தேடும்போது பக்கத்து வீட்டுக் கணக்கு எதற்கு?

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை, தட்டுமுட்டுச் சத்தத்துக்குத் திடுக்கிடவே இல்லை, ஒரு கையை மட்டும் அசைக்கிறது, செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டது, இதில் எது இருந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். "அவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று தள்ளிப்போட வேண்டாம், சீக்கிரம் பார்த்தால் பயிற்சியில் நிறைய மாற்றம் வரும்.

ஆறு மாதம் முடிந்ததும் சோறு ஊட்டக் கோயிலுக்குப் போவார்கள், மொட்டை என்றால் பழனிக்குப் போவார்கள். பழனியில் தாத்தா செய்கிற முதல் வேலை பஞ்சாமிர்தத்தை விரலில் தொட்டுப் பிள்ளை நாக்கில் வைப்பது. அதில் தேன் இருக்கிறது. ஒரு வயது முடிகிற வரை தேன் கூடாது, சேனை வைக்கிறேன் என்று பிறந்த அன்றைக்கும் கூடாது. அதிலுள்ள கிருமி விதை பிஞ்சுக் குடலில் முளைத்து உடம்பையே தளரவைத்துவிடும். பிரசாதத்தைப் பிள்ளை பேரைச் சொல்லித் தாத்தாவே சாப்பிடட்டும். மொட்டை போடுகிறவரிடம் புது பிளேடா என்று பார்த்துக் கேளுங்கள், கேட்டால் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

காது குத்துவதைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பாண்டி கோயிலோ அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்போ, எங்கே வைத்தாலும் மாமன் மடியில் உட்காரவைத்துக் கிடா வெட்டிச் செய்கிற பெரிய விசேஷம் அது, பிள்ளையின் முதல் வருடத்தில் குடும்பம் மொத்தமும் கூடுகிற நாள். பென்டா ஊசியின் மூன்று தவணையும் முடிந்தால் ரண ஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, எதிரான பாதுகாப்பு பிள்ளையின் உடம்பில் உருவாகியிருக்கும். அதற்கு முன்னால் காதில் ஊசி வைக்காதீர்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி இருக்கிறது, கூடவே வைட்டமின் ஏ சொட்டும் கொடுப்பார்கள். கூட்டம் கூடுகிற இடத்தில் தட்டம்மை ஒரு பிள்ளையிடமிருந்து மற்றப் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் போய்ச் சேரும். அதனால் மாமன் வீட்டில் பேசி, அந்தப் புதன்கிழமை கழிந்து ஒரு மாதம் விட்டு நாள் பார்த்து, அதற்குப் பிறகு பத்திரிகை அடியுங்கள்.

பேச வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.