துரைக்கு நான்கு வீடு

(மலேசியாவின் பினாங்கு மாநிலத்து ஜார்ஜ்டவுனில் நடந்த வாசகர் வட்ட ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் டத்தோ அவர்களே, அந்த இரண்டுக்கும் அவரைப் போகவிடாமல் அழைத்து வந்த டத்தின் அவர்களே, மூன்று தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களே, சனிக்கிழமை மாலையில் மருந்தகத்தைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, சென்ற ஆண்டு என் பேச்சின் நடுவே நின்றுபோன ஒலிபெருக்கியைச் சரிசெய்த தம்பி அவர்களே (அது தானாகத்தான் நின்றது என்று இன்றும் நம்புகிறேன்), அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும். டத்தோ அவர்களுக்குப் போர்த்த நானும் ஒரு பொன்னாடை கொண்டு வந்தேன். எனக்கு முன்பே ஏழு பேர் போர்த்திவிட்டார்கள். இந்த வெயில் காலத்தில் எட்டாவதைப் போர்த்த மனம் வரவில்லை.

வளர்ப்புப் பூனையை வெளியே திரியவும் வேட்டையாடவும் விடலாமா என்பது தலைப்பு. கூடாது என்பது என் கட்சி. மூன்று செய்திகளைச் சொல்லப் போகிறேன். ஒன்று பூனையின் உடல்நலம், இரண்டு பறவைகளின் உயிர், மூன்று சட்டம். மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி இருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டு போகுமா? இதைச் சொல்லாமல் என்னால் எந்த மேடையிலிருந்தும் இறங்க முடியாது என்பாள் என் மனைவி. இன்றைக்காவது பூனையைப் பற்றியே பேசுவதால் மன்னித்துவிடுவாள்.

ஆயர் ஈத்தாமில் எங்கள் தாமானுக்கு, அதாவது எங்கள் குடியிருப்புக்கு, ஒரு கடுவன் பூனை வந்து சேர்ந்தது. வந்த நேரத்தைப் பாருங்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மனிதன் வீட்டைவிட்டு நகரக் கூடாது, நகர்ந்தாலும் பத்துக் கிலோமீட்டர் தாண்டக் கூடாது. எங்கள் தெருவிலேயே சுதந்திரப் பிரஜை அந்தப் பூனை ஒன்றுதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கால்வாய் ஓரமாக நடந்துவரும் தோரணையைப் பார்த்து, அந்தக் காலத் தோட்டத்துத் துரை மேற்பார்வைக்கு வருவதுபோல் இருக்கிறதென்று என் மனைவி துரை என்றே பெயர் வைத்தாள். காலையில் பசியாற வரும். நெத்திலியும் சோறும் தின்றுவிட்டுப் போகும். அது எங்கள் பூனை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஒருநாள் துரை வரவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. தாமான் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படத்தைப் போட்டு, துரையைக் கண்டவர்கள் சொல்லுங்கள் என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பக்கத்து வீட்டு மலாய் அக்கா, நாங்கள் கக்காக் என்போம், அதே பூனையின் படத்தைப் போட்டு, என் கொமெலைக் காணவில்லை என்கிறார். கோடி வீட்டுச் சீனப் பெரியவர் குரல் பதிவில், அது என்னுடைய அ பூய் என்கிறார். ஹொக்கியனில் குண்டன் என்று பொருள். எதிர்வீட்டுப் பாட்டிக்குப் புலனம் தெரியாது. வாசலுக்கு வந்து, ஐயோ, என் ஏகாதசிக்கு என்ன ஆயிற்று என்று அழுகிறார். எப்போது பார்த்தாலும் பட்டினி கிடந்தவன்போல் வந்து நிற்பதால் அவர் வைத்த பெயர் ஏகாதசி! ஒரு வீட்டில் குண்டன், ஒரு வீட்டில் உபவாசி. நான்கு வீட்டில் நான்கு வேளை சாப்பாடு. அந்த ஊரடங்கில் வேலை போனவர்கள், வருமானம் போனவர்கள் எத்தனையோ பேர். துரைக்கு மட்டும் வளர்பிறை.

நான்காம் நாள் திரும்பி வந்தது. மூக்கின்மேல் புண். வேறொரு கடுவனோடு சண்டை. நால்வரும் முகக்கவசம் கட்டிக்கொண்டு அதைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று என்றார் மருத்துவர். திரிகிற பூனைகளிடம் சண்டையிலும் கீறலிலும் பரவும், மனிதனையும் கீறினால் தொற்றும், மருந்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இது யார் பூனை, ஏன் கருத்தடை செய்யவில்லை? நான் கக்காக்கைப் பார்த்தேன். கக்காக் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். சோறு போடும்போது நால்வர் பூனை, மருத்துவர் கேட்டபோது யார் வீட்டுப் பூனையும் இல்லை. இங்கே கண்ணை மூடிக்கொண்டது துரை அல்ல, நாங்கள்தான்.

ஒரு பெட்டைப்பூனை ஆறு மாதம் ஆவதற்குள்ளேயே சினைப்படக்கூடும், இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். துரைக்கு எத்தனை வாரிசு என்று எங்கள் லோரோங் சந்தில் எண்ணி முடிக்க முடியாது. இதை மருத்துவர் அம்மா விரிவாகச் சொல்வதே பொருத்தம். நான் பறவைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு மதிலில் பழைய தபால் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு ஜோடி கூடு கட்டியது. விடியற்காலையில் அந்த ஆண்பறவை பாடும் பாட்டு இருக்கிறதே, வானொலிக்குப் பணம் கட்டவே வேண்டாம். குஞ்சு கூட்டைவிட்டு இறங்கி, சரியாகப் பறக்கத் தெரியாமல் தரையில் தத்திய அன்று, துரை அதை எங்கள் வாசல் மிதியடியில் கொண்டுவந்து வைத்தது. தின்னவில்லை. நான்கு வீட்டில் சாப்பிட்ட வயிறு, பசி எங்கிருந்து வரும்? பூனையின் வேட்டை வேறு, பசி வேறு. பேத்தி ஓடிவந்து, தாத்தா, இது என்ன பறவை என்று கேட்டாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். ஏதோ குருவி அம்மா என்றேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதன் பெயர் குண்டுகரிச்சான். மலாய்க்காரர்கள் முராய் என்பார்கள். தெருவில் போகும் மலாய்ப் பையனுக்கு அந்தப் பெயர் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

பூனை போனால் எலி பெருகிவிடுமே என்று சிலர் கேட்கிறார்கள். நியூயார்க்கின் புருக்ளினில் குப்பை மறுசுழற்சிக் கிடங்கு ஒன்றில், எலிகள் கூட்டமாக வாழும் இடத்தில், ஆய்வாளர்கள் 79 நாள் படக்கருவி வைத்துப் பார்த்தார்கள். பூனைகள் கொன்ற எலி இரண்டே இரண்டு. முழுதாக வளர்ந்த பெருச்சாளியோடு மல்லுக்கட்டப் பூனைக்கு என்ன தலையெழுத்து? தேன்சிட்டும் பல்லியும் சுலபம். மணி கட்டிவிட்டால் போதாதா என்பார் இன்னொருவர். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் அதையும் சோதித்து வெளியிட்டார்கள். மணியால் தெளிவான பயன் எதுவும் தெரியவில்லை. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று காலங்காலமாகத் தவித்த எலிகள் நிம்மதியாகத் தூங்கலாம்! ஆனால் இறைச்சி நிறைந்த நல்ல உணவு கொடுத்தபோது வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 36 விழுக்காடு குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 விழுக்காடு குறைந்தது. நம் வீட்டில் நாம் பிள்ளைகளோடு அவ்வளவு நேரம் விளையாடுகிறோமா என்று கேட்டால் சண்டை வரும்.

ஜார்ஜ்டவுன் சுவர்களில் பூனைப் படங்கள் இருக்கின்றன. சுற்றுப்பயணிகள் வரிசையில் நின்று படமெடுக்கிறார்கள். இந்தத் தீவில் குருவி பிடிக்காத பூனை அந்தச் சுவர்ப் பூனைதான். நாமோ பூனை குறுக்கே போனால் நின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறோம். குறுக்கே போன பூனை எங்கே போயிற்று, எதைப் பிடித்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால்... சரி, மனைவி முறைக்கிறாள்.

ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்று ஓர் ஊர். 2022இல் அங்கே ஊரின் ஒரு பகுதியில் பூனைகளை ஆகஸ்ட் இறுதிவரை வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார்கள். மீறினால் 500 யூரோ தண்டம். எதற்காக? தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிக்காக. அதில் ஒரு சில ஜோடிகளே மிஞ்சியிருந்தன. பூனைக்காரர்கள் கொதித்தார்கள், அது வேறு கதை. நான் கவனித்தது ஒன்றைத்தான். அந்த ஊர்க்காரர்களுக்குக் கொண்டை வானம்பாடி என்ற பெயர் தெரிந்திருந்தது. பெயர் தெரிந்ததால்தான் எண்ண முடிந்தது, எண்ணியதால்தான் குறைவது தெரிந்தது. ஏதோ குருவி என்று சொல்லும் ஊரில் எந்த மன்றம் எந்த ஆணையைப் போடும்?

நம்மிடம் பெயர் இல்லாமலா போய்விட்டது? மாங்குயில், தையல்சிட்டு, தேன்சிட்டு, மீன்கொத்தி எல்லாமே பினாங்கில் நம் வீட்டுக் கொல்லையில் திரிபவை. மைனாவுக்கு நாகணவாய் என்று பழைய பெயர் உண்டு. தொல்காப்பியர் மரபியலில் வெருகின் இளமைக்குக் குட்டி என்று பெயர் வகுத்தார், வெருகு என்றால் காட்டுப்பூனை. பறப்பவற்றின் இளமைக்கோ பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் வகுத்தார். பிள்ளை என்றார் ஐயா! நம் வாசல் மிதியடியில் கிடந்தது பிள்ளை.

ஆகவேதான் கேட்கிறேன். இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் அங்கே வந்து அமரும் பறவைகளின் படமும் தமிழ்ப் பெயரும் போட்ட பலகை ஒன்று வேண்டும். கேட்டுக் கடிதம் எழுதினேன். ஓர் அலுவலகத்திலிருந்து, பறவைகள் எங்கள் பிரிவின்கீழ் வரவில்லை என்று பதில் வந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்களின் யூபிஎஸ்ஆர் தேர்வும் 2021இல் போய்விட்டது. நேரமில்லை என்று தலைமையாசிரியர்கள் சொல்ல மாட்டார்கள் என்று முன்வரிசையைப் பார்த்தே சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சிங்கப்பூரில் 2024 செப்டம்பரிலிருந்து வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் உரிமத்தோடு இரண்டு பூனை வளர்க்கலாம். டத்தோ அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

துரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புண் ஆறிவிட்டது, கருத்தடையும் ஆயிற்று, செலவை நான்கு வீடும் பங்கிட்டோம். எங்கள் முன்வாசலுக்குக் கம்பிவலை அடித்தேன். முதல் பத்து நாள் இரவெல்லாம் கத்தியது. இப்போது வலைக்குள் நாற்காலியில் படுத்துத் தெருவை மேற்பார்வை பார்க்கிறது. மற்ற மூன்று வீட்டாருக்கும் மாலை ஐந்து முதல் ஆறு வரை பார்வை நேரம். வெள்ளிக்கிழமைகளில் கக்காக் மீன் கொண்டு வருகிறார். பெயரில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை. தபால் பெட்டிக்கு இந்த ஆண்டு மறுபடி ஒரு ஜோடி வந்திருக்கிறது.

பறவைப் பலகைக்கான கையெழுத்துப் படிவம் வாசலருகே, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் கையெழுத்தை டத்தோ அவர்கள் போட்டுத் தர வேண்டும். பேனாவை மட்டும் தயவுசெய்து அங்கேயே வைத்துவிடுங்கள், போன கூட்டத்தில் ஆறு பேனா காணாமல் போயின. நன்றி, வணக்கம்.